16 கிலோ கல்

கூடாரத்தின் உச்சி மட்டும்தான் வெளியே தெரிந்தது. மிச்சமெல்லாம் பனிக்குள்.

1912-ம் வருடம், நவம்பர் 12-ம் தேதி. இடம், அண்டார்டிகாவின் ராஸ் பனித்தட்டு. தேடி வந்தவர்கள் பனியை வாரிக் கொட்டிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்கள். மூன்று பேர் தூக்கப் பைகளுக்குள் கிடந்தார்கள். கேப்டன் ராபர்ட் ஸ்காட், வயது 43. டாக்டர் எட்வர்ட் வில்சன், 39. ஹென்றி பவர்ஸ், 28. செத்து ஏழரை மாதம் ஆகியிருந்தது. குளிர்ப்பெட்டிக்குள் வைத்த மாதிரி அப்படியே இருந்தார்கள்.

டைரிகளை எடுத்துக்கொண்டார்கள். கடிதங்களை எடுத்துக்கொண்டார்கள். கூடாரத்தின் கம்புகளை உருவி, துணியை அவர்கள்மேலேயே சரியவிட்டு, அதன்மேல் பனியைக் குவித்து, மேலே ஒரு சிலுவையை நட்டார்கள். பக்கத்தில் அவர்கள் இழுத்துவந்த வண்டி புதைந்து கிடந்தது. அதையும் தோண்டினார்கள். மற்ற சாமான்களுக்கு நடுவே பைகள். பைகளுக்குள் கற்கள்.

35 பவுண்டு. நம் கணக்கில் ஏறத்தாழ 16 கிலோ.

யோசித்துப் பாருங்கள். சோறில்லை. அடுப்பெரிக்க எண்ணெய் இல்லை. காலில் பாதி விரல்கள் குளிரில் செத்துப் போயாச்சு. 20 கிலோமீட்டர் நடந்தால் உணவுக் கிடங்கு. அதற்குத் தெம்பில்லாமல் விழுந்து செத்த மனிதர்கள், வண்டியிலிருந்து 16 கிலோ கல்லைக் கீழே தூக்கிப் போடவில்லை. தேடிப் போனவர்களில் ஒருவரான நார்வேக்காரர் ட்ரிக்வே க்ரானுக்கே, இந்த எடையையாவது மிச்சப்படுத்தியிருக்கலாமே என்று தோன்றியது. ‘கடைசிவரை விடாமல் இழுத்து வந்திருக்கிறார்கள். வில்சன் கேட்டுக்கொண்டதால்தான்’ என்கிற ரீதியில் எழுதி வைத்தார் தேடுதல் குழுவின் தலைவர் அட்கின்சன்.

நானும் முதல்முறை படித்தபோது க்ரான் கட்சிதான். வேலையத்த வேலை என்று நினைத்தேன். அப்புறம் அந்தக் கற்களுக்குள் என்ன இருந்தது என்று படித்தேன்.

இலைகள்.

மரம் மட்டை எதுவும் கிடையாத அண்டார்டிகாவில், தென் துருவத்துக்கு 600 கிலோமீட்டருக்குள், இலைகள்!

ஸ்காட்டின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1911 நவம்பர் 1-ம் தேதி கிளம்பினார்கள். குதிரைகள் செத்தன. நாய்கள் பாதி வழியில் திரும்பின. கடைசியில் ஐந்து பேர் தாங்களே வண்டியை இழுத்துக்கொண்டு 1912 ஜனவரி 17-ம் தேதி தென் துருவத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே ஏற்கெனவே நார்வேக் கொடி பறந்துகொண்டிருந்தது. அமுண்ட்சென் டிசம்பர் 14-ம் தேதியே வந்துவிட்டுப் போயாச்சு. போக வர 2,800 கிலோமீட்டருக்கு மேல். பாதி முடிந்தது. மீதிப் பாதியைத் தோற்றவர்களாக நடக்க வேண்டும்.

பிப்ரவரி 7-ம் தேதி பிஸ்கட் பெட்டியைத் திறந்தால் கணக்கு உதைத்தது. ஐந்து பேருக்கு ஒரு முழு நாளைக்கான பிஸ்கட் குறைகிறது. எப்படிக் குறைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த நிலைமையில் ஒரு பிஸ்கட் குறைந்தாலே வயிற்றைக் கலக்கும்.

மறுநாள், பிப்ரவரி 8. பியர்ட்மோர் என்கிற பிரம்மாண்டமான பனியாற்றின் தலைப்பக்கம் இறங்குகிறார்கள். காற்று நின்றிருந்தது. வெயில்கூட அடித்தது. ஒரு பக்கம் பக்லி என்கிற மலை. பனியாறு தள்ளிக்கொண்டு வந்து போட்ட கல்மேடு அதன் அடிவாரத்தில். 14 வாரமாகப் பனியையும் ஐஸையும் மட்டுமே மிதித்த கால்கள் முதல்முறையாகக் கல்லை மிதிக்கின்றன. நீண்ட கப்பல் பயணம் முடிந்து கரையில் இறங்கிய மாதிரி இருந்தது அவர்களுக்கு. வேறு யாராக இருந்தாலும், ‘நல்ல வெயில், நாலு மைல் கூடுதலாக நடப்போம்’ என்று கிளம்பியிருப்பார்கள். ஸ்காட் நடையை நிறுத்தினார். மிச்ச நாள் முழுக்கக் கல் பொறுக்குவது என்று முடிவானது.

வில்சன் மருத்துவர். ஓவியர். பறவை ஆராய்ச்சியாளர். கண் கழுகுக் கண். நிலக்கரிப் பாளங்களுக்கு நடுவே கறுப்புக் கல்லில் அடுக்கடுக்காக இலைகள் பதிந்திருப்பதை அவர்தான் கண்டுபிடித்தார். நரம்புகூடத் தெளிவாகத் தெரிந்தது. மறுநாளும் கொஞ்ச நேரம் தேடினார்கள். அதற்கு அடுத்த சில நாட்களிலேயே அதே பனியாற்றின் பிளவுகளுக்கு நடுவே வழி தவறி, சாப்பாடு கிட்டத்தட்டத் தீர்ந்து, எமனைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். பிப்ரவரி 17-ம் தேதி, பனியாற்றின் அடிவாரத்தில் எட்கர் எவான்ஸ் இறந்தார். மார்ச் நடுவில் லாரன்ஸ் ஓட்ஸ், மற்றவர்களுக்குத் தான் பாரமாக இருக்க வேண்டாம் என்று பனிப்புயலுக்குள் நடந்து போனார். உடல் கிடைக்கவே இல்லை. ஸ்காட் டைரியில் கடைசித் தேதி மார்ச் 29. கற்கள் வண்டியிலேயேதான் இருந்தன.

எதற்காக?

இங்கே ஒரு பெண்மணி வருகிறார். மேரி ஸ்டோப்ஸ். பிற்காலத்தில் குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் புத்தகம் எழுதி, 1921-ல் லண்டனில் அதற்கென்று மருத்துவமனை திறந்து, பாதிரியார்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாரே, அதே மேரி ஸ்டோப்ஸ்தான். அதற்கு முந்தைய அவதாரத்தில் அவர் தாவர ஃபாசில் நிபுணர். நிலக்கரிக்குள் தாவரங்களைத் தேடுவது அவர் வேலை. ஸ்காட் தன் பயணத்துக்கு நிதி திரட்ட மான்செஸ்டருக்கு வந்தபோது அவரைப் பிடித்துக்கொண்டார். ‘என்னையும் கூட்டிப் போங்கள்’ என்றார். பெண்ணை அண்டார்டிகாவுக்கா? அந்தக் காலத்தில் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஸ்காட் மறுத்தார். ‘சரி, அப்படியானால் எனக்கு வேண்டிய ஃபாசிலைக் கொண்டுவந்து கொடுங்கள்’ என்றார் ஸ்டோப்ஸ். அவர் தேடியது ஒரு குறிப்பிட்ட இலை.

அண்டார்டிகாவில் நிலக்கரி இருக்கிறது என்பது அப்போதே தெரியும். 1908 டிசம்பரில் ஷாக்கிள்டன் குழு அதே பியர்ட்மோர் பக்கம் போனபோது ஃப்ராங்க் வைல்ட் நிலக்கரிப் பாளங்களைப் பார்த்திருந்தார். கல்லான மரத்துண்டும் கிடைத்தது. ஆனால் நிலக்கரி என்றால் ஒரு காலத்தில் காடு இருந்தது என்று மட்டும்தான் அர்த்தம். என்ன காடு? யாருடைய காடு? அதை இலைதான் சொல்ல வேண்டும்.

கற்கள் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தன. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆல்பர்ட் சீவர்டின் மேஜைக்கு வந்தன. 1914-ல் அவர் அறிக்கை வெளியிட்டார். இலையின் பெயர்: குளோசாப்டெரிஸ் இண்டிகா.

இண்டிகா. ஆமாம், நம் இந்தியாவின் பெயர்தான்.

கிரேக்கத்தில் ‘குளோசா’ என்றால் நாக்கு. ‘டெரிஸ்’ என்றால் பெரணி. இலை பார்க்க நாக்கு மாதிரி இருக்கும். நடுவே ஒரு தடித்த நரம்பு, அதிலிருந்து இரண்டு பக்கமும் வலை பின்னியது போல மெல்லிய நரம்புகள். 1828-ல் பிரான்சின் அடால்ஃப் ப்ரோன்னியார் இதற்குப் பெயர் வைத்தபோது அவர் கையில் இருந்தவை இந்தியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் போன கற்கள். பெரணி என்று நினைத்துத்தான் அந்தப் பெயர். உண்மையில் இது விதை போடும் மரம். ஓங்கி வளர்ந்த மரம். சுமார் 30 கோடி வருடங்களுக்கு முன் தோன்றி, 25 கோடி வருடங்களுக்கு முன் பூண்டோடு போனது.

வங்காளத்து ராணிகஞ்ச் நிலக்கரி, ஒரிசாவின் தால்ச்சேர் நிலக்கரி, கோதாவரிக் கரையின் சிங்கரேணி நிலக்கரி எல்லாமே பெரும்பாலும் குளோசாப்டெரிஸ் காடுகளின் சாம்பார்தான். (நெய்வேலி இந்தக் கணக்கில் வராது. அது ரொம்பப் பிற்காலத்துச் சரக்கு.) வடசென்னை அனல் மின் நிலையம் எரிக்கும் நிலக்கரியில் தால்ச்சேரிலிருந்து கப்பலில் வருவதும் உண்டு. ஆக, நீங்கள் சென்னைவாசியாக இருந்தால், இதைப் படிக்கும்போது உங்கள் தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறிக்குக் கொஞ்சம் காற்று அந்த நாக்கு இலையின் உபயம்.

சீவர்ட் இந்த அறிக்கையை எழுதிய காலத்தில் அதே கேம்பிரிட்ஜில் ஒரு பஞ்சாபி இளைஞர் படித்துக்கொண்டிருந்தார். பீர்பல் சாஹ்னி. பின்னால் சீவர்டிடமே ஆராய்ச்சி செய்து, இருவருமாகச் சேர்ந்து 1920-ல் இந்தியாவின் கோண்டுவானா தாவரங்களைப் பற்றி எழுதினார்கள். ஊர் திரும்பிய சாஹ்னி லக்னோவில் தொல்தாவர ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிறுவனம் ஆரம்பித்தார். 1949 ஏப்ரல் 3-ம் தேதி நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அந்த அடிக்கல்லே ஃபாசில்கள் பதித்துச் செய்தது. சரியாக ஒரு வாரம். சாஹ்னி மாரடைப்பில் காலமானார். அவர் பெயரைத்தான் அந்த நிறுவனம் இன்றும் தாங்கிக்கொண்டிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரே இலை. இந்தியாவில் இருக்கிறது, ஆஸ்திரேலியாவில் இருக்கிறது, தென் ஆப்பிரிக்காவில், தென் அமெரிக்காவில், இப்போது தென் துருவத்தின் வாசலிலும் இருக்கிறது. நடுவிலோ ஆயிரக்கணக்கான மைல் கடல். எப்படிக் கடந்தது?

விதை காற்றில் பறந்து போயிருக்கும் என்றால், இத்தனை பெரிய கடலைத் தாண்ட அது கொக்கு இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு விஞ்ஞானிகள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். இந்த நாடுகளுக்கு நடுவே முன்பு தரை இருந்தது, பிறகு அது கடலில் மூழ்கிவிட்டது! 1864-ல் பிலிப் ஸ்க்ளேட்டர் என்கிற ஆங்கிலேயர் லெமூர் குரங்கினத்தை வைத்து இதே போல ஒரு மூழ்கிய நிலத்தைக் கற்பனை செய்தார். லெமூரியா. பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்களே? நம்மூரில் அது குமரிக் கண்டத்தோடு கைகோத்துக்கொண்டது தனிக்கதை. இன்னொரு நாள் பார்க்கலாம். ஆஸ்திரியாவின் எட்வர்ட் சூயஸ் இன்னும் பெரிதாக யோசித்தார். 1885-ல் அவர் வைத்த பெயர் கோண்டுவானா நிலம். மத்திய இந்தியாவின் கோண்டு மக்கள் வாழும் பகுதியின் பெயரைத்தான் எடுத்துக்கொண்டார். குளோசாப்டெரிஸ் கிடைத்த தேசங்களையெல்லாம் இணைத்த பழைய பெருநிலம். அதிலும் சில பகுதிகள் மூழ்கிப்போனதாகத்தான் கதை.

அண்டார்டிகா இந்தக் கணக்கில் சேருமா, சேராதா? அதுதான் அப்போது கேள்வி. சேரும் என்று சொல்ல ஒரு இலை வேண்டும். ஸ்டோப்ஸ் கேட்டது அதைத்தான். வில்சன் எடுத்தது அதைத்தான்.

இப்போது ஒரு தேதியைக் கவனியுங்கள். 1912 ஜனவரி 6. ஸ்காட் தென் துருவத்துக்குப் பதினோரு நாள் தொலைவில் வண்டி இழுத்துக்கொண்டிருக்கிறார். அதே நாளில் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட்டில் ஆல்ஃபிரட் வெக்னர் என்கிற 31 வயது வானிலை ஆராய்ச்சியாளர் புவியியல்காரர்கள் சபையில் எழுந்து நின்று, கண்டங்கள் மூழ்கவில்லை, நகர்ந்தன என்றார். கண்டங்களின் பாறை லேசானது. கடலுக்கு அடியிலிருக்கும் பாறை கனமானது. தக்கை எங்கேயாவது முழுகுமா? எல்லாம் ஒன்றாக ஒட்டியிருந்தன, பிய்ந்து விலகின. அவ்வளவுதான்.

சபை சிரித்தது. அடுத்த அரை நூற்றாண்டுக்குப் பெரும்பாலான புவியியல்காரர்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ‘எது நகர்த்தியது?’ என்று கேட்டால் வெக்னரிடம் திருப்தியான பதில் இல்லை. ஆனால் அவருடைய சாட்சிகள் பட்டியலில் குளோசாப்டெரிஸுக்கு முக்கியமான இடம். வில்சனின் இலை வந்த பிறகு அண்டார்டிகாவும் கூண்டில் ஏறியது. ஆனால் வழக்கை முடித்துவைத்தது இலை அல்ல. 1960-களில் கடல் தரை விரிந்துகொண்டே போகிறது என்று கண்டுபிடித்தபிறகுதான் தீர்ப்பு வந்தது. இலை முதல் தகவல் அறிக்கை மாதிரி.

வெக்னர் அதைப் பார்க்க இருக்கவில்லை. அவரும் பனிக்காரர்தான். கிரீன்லாந்து அவர் களம். 1930 நவம்பர் 1-ம் தேதி, தன் ஐம்பதாவது பிறந்தநாளன்று, பனிப்பாலைவனத்தின் நடுவிலிருந்த முகாமிலிருந்து ராஸ்முஸ் வில்லும்சன் என்கிற கிரீன்லாந்து இளைஞரோடு கரைக்குக் கிளம்பினார். இருவரும் போய்ச் சேரவில்லை. வெக்னரின் உடல் 1931 மே மாதம் கிடைத்தது. வில்லும்சன் அதை ஒழுங்காகப் புதைத்து, அடையாளத்துக்குப் பனிச்சறுக்குக் கட்டைகளை நட்டிருந்தார். வில்லும்சன் கிடைக்கவே இல்லை.

இதுவரை கேட்டதும் உங்களுக்கு ஒரு முடிவு தோன்றியிருக்கும். ‘ஓகோ, அண்டார்டிகா அப்போது வேறெங்கோ வெப்பமான இடத்தில் இருந்தது. அதனால் மரம் வளர்ந்தது. பிறகு துருவத்துக்கு நகர்ந்துவிட்டது.’

இல்லை சார். அங்கேதான் ஆச்சரியமே.

குளோசாப்டெரிஸ் காலத்திலேயே அண்டார்டிகாவின் அந்தப் பகுதி தென் துருவத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. பியர்ட்மோர் பகுதியிலேயே அக்கெர்னார் மலையில் வேரோடு நின்ற நிலையில் கல்லாகிப்போன அடிமரங்கள் கிடைத்தன. ஆராய்ச்சியாளர்கள் 1992-ல் அவற்றைப் பற்றி எழுதினார்கள். அந்த மரங்கள் உயிரோடு இருந்தபோது அந்த இடம் 80 முதல் 85 டிகிரி தென் அட்சத்தில் இருந்தது என்பது கணக்கு. அதாவது, வருடத்தில் நான்கு மாதம் போலச் சூரியனே எட்டிப் பார்க்காது. கோடையில் அஸ்தமிக்கவே அஸ்தமிக்காது. உலகம் இன்றைவிட வெதுவெதுப்பாக இருந்தது. எனவே பனித்தட்டு இல்லை. சரி. ஆனால் இருட்டு? பூமி சாய்ந்து சுற்றும்வரைக்கும் துருவ இருட்டு இருந்தே தீரும். இன்று அப்படி ஒரு காடு உலகத்தில் எங்கேயும் கிடையாது.

அந்த அடிமரங்களை அறுத்துப் பார்த்தால் அகலமான வளையங்கள். ஓடி ஓடி வளர்ந்திருக்கின்றன. உறைபனியால் வரும் காயம் வளையங்களில் இல்லை. கோடையில் 24 மணி நேர வெயிலையும் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, இலையுதிர்காலத்தில் கடையைச் சாத்திவிட்டுத் தூங்கியிருக்கின்றன. பாறைகளில் இலைகள் பாய் விரித்த மாதிரி அடுக்கடுக்காகக் கிடைப்பது, மொத்தமாக உதிர்த்திருக்கிறது என்பதற்கு அடையாளம். பிப்ரவரி 8-ம் தேதி வில்சன் பார்த்த அந்த அடுக்குகள், அநேகமாக ஏதோ ஒரு துருவ இலையுதிர்காலத்தின் குப்பை.

ஏன் உதிர்க்க வேண்டும்? நான் பி.காம். படித்தவன். இதைப் படித்தபோது எனக்கு லாப நஷ்டக் கணக்குதான் ஞாபகம் வந்தது. இருட்டில் இலையால் உணவு தயாரிக்க முடியாது. ஆனால் இலை உயிரோடு இருக்கும்வரை மூச்சு விடும், சேமிப்பைத் தின்னும். வருமானம் இல்லாத நாளில் ஆளுக்குச் சம்பளம் கொடுப்பானேன்? அனுப்பிவிடு. ரொம்ப நாள் விஞ்ஞானிகளும் இப்படித்தான் நம்பினார்கள். 2003-ல் இங்கிலாந்தில் சில மர வகைகளைத் துருவ இருட்டு போன்ற சூழ்நிலையில் வளர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். விடை தலைகீழ்! குளிர்காலத்தில் இலையை வைத்துக்கொண்டு மூச்சு விடுவதால் ஆகும் செலவைவிட, ஒவ்வொரு வருடமும் எல்லா இலைகளையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக முளைக்க வைப்பதுதான் அதிகச் செலவு. அப்படியென்றால் ஏன் உதிர்த்தன? வேறு காரணம் இருக்க வேண்டும். பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை.

25 கோடி வருடங்களுக்கு முன், சைபீரியாவில் எரிமலைகள் வெடித்துக் கக்கிய காலத்தில் உலகின் பெரும்பாலான உயிரினங்கள் அழிந்தபோது குளோசாப்டெரிஸும் அழிந்தது. ஆனால் அண்டார்டிகா மொட்டையாகிவிடவில்லை. வேறு காடுகள் வந்தன. 2017-ல் ஒரு ஜெர்மானிய ஆராய்ச்சிக் கப்பல் மேற்கு அண்டார்டிகாவின் கடலடியில் துளை போட்டு எடுத்த மண்ணில் வேர்கள் பின்னிக் கிடந்தன. 9 கோடி வருடங்களுக்கு முந்தைய மழைக்காட்டின் வேர்கள். அப்புறம் கண்டங்கள் ஒவ்வொன்றாக விலகின. காற்றில் கரியமில வாயு குறைந்தது. சுமார் 3.4 கோடி வருடங்களுக்கு முன் பனி மூட ஆரம்பித்தது. அதன் பிறகும் சில தாவரங்கள் விடாக்கண்டனாக இருந்திருக்கின்றன. அதே பியர்ட்மோர் பக்கம் தென் பீச் வகை ஒன்றின் இலைகளும் கட்டைகளும் கிடைத்தன. வேறு இடங்களில் பெரிய மரமாக நிற்கும் வகை. இங்கே குளிருக்குப் பயந்து தரையோடு தரையாக ஊர்ந்த குட்டைச் செடி. அதுவும் ஒருநாள் போய்விட்டது.

திரும்ப அந்த வண்டிக்கு வருகிறேன். 16 கிலோவைத் தூக்கிப் போட்டிருந்தால் பிழைத்திருப்பார்களா?

சூசன் சாலமன் என்கிற அமெரிக்க விஞ்ஞானி, ஓசோன் ஓட்டை ஆராய்ச்சியில் பேர் வாங்கியவர், 2001-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பழைய வெப்பநிலைக் குறிப்புகளையும் இன்றைய தானியங்கிக் கருவிகளின் பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். 1912 மார்ச்சில் அந்தப் பனித்தட்டில் வழக்கத்தைவிட மிக மோசமான குளிர். சாதாரணக் குளிரில், வண்டியின் சறுக்குக் கட்டை உரசும்போது பனி ஒரு நூலளவு உருகும். வண்டி வழுக்கிக்கொண்டு போகும். குளிர் எல்லை மீறிவிட்டால் அந்த உருகல் இல்லை. பனி மணல் மாதிரி ஆகிவிடும். மெரினா மணலில் மாட்டுவண்டியை இழுத்துப் பாருங்கள், புரியும். கூடவே எண்ணெய்த் தட்டுப்பாடு, அரை வயிற்றுச் சாப்பாடு, ஓட்ஸின் அழுகிய கால். இத்தனைக்கும் நடுவே 16 கிலோ ரொம்பச் சின்னக் கணக்கு. அதை மட்டும் இறக்கியிருந்தால் கிடங்கைத் தொட்டிருப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஆனால் பிப்ரவரி 8-ம் தேதி அவர்கள் செலவழித்த அந்த வெயில் நாள்? அது 16 கிலோவைவிடக் கனம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஸ்காட்டின் முதல் அண்டார்டிகப் பயணத்தின்போது, 1903-லேயே, ஹார்ட்லி ஃபெரார் என்கிற புவியியல்காரர் சில கற்களைக் கொண்டுவந்திருந்தார். ஏதோ தாவரத் தடம், என்னவென்று சொல்ல முடியாது என்று ஒதுக்கிவிட்டார்கள். 1928-ல் அவற்றை மறுபடி ஆராய்ந்தார் எட்வர்ட்ஸ் என்பவர். உள்ளே குளோசாப்டெரிஸ். வில்சன் பனியாற்றில் அலைவதற்கு எத்தனையோ வருடம் முன்பே அந்த இலை இங்கிலாந்துக்கு வந்தாகிவிட்டது. யாருக்கும் தெரியவில்லை.

இன்று அண்டார்டிகாவில் சொந்தமாகப் பூக்கும் தாவரம் மொத்தம் இரண்டே இரண்டு. ஒன்று ஒரு வகைப் புல். செல்லுக்குள் பனிப்படிகம் பெருத்து வளராமல் தடுக்கும் புரதத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும். இன்னொன்று பச்சை மெத்தை மாதிரி தரையோடு ஒட்டி வளரும் சின்னச் செடி. இரண்டும் தென் அமெரிக்காவைப் பார்த்து நீண்டிருக்கும் தீபகற்பத்திலும் அதையொட்டிய தீவுகளிலும்தான். ஸ்காட் செத்த பக்கமெல்லாம் எட்டிக்கூடப் பார்க்காது. மற்றபடி பாசி, பாறையில் ஒட்டும் லைக்கன், ஆல்கா. சிக்னி தீவில் இந்தப் புல்லை 1960-களிலிருந்து எண்ணி வருகிறார்கள். முந்தைய ஐம்பது வருடத்தில் எவ்வளவு பரவியதோ, அவ்வளவு 2009-க்கும் 2018-க்கும் நடுவிலேயே பரவிவிட்டது என்று 2022-ல் சொன்னார்கள். செயற்கைக்கோள் கணக்கோ தீபகற்பம் முழுவதற்கும். 1986-ல் பச்சை தெரிந்த பரப்பு ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. 2021-ல் கிட்டத்தட்ட 12 சதுர கிலோமீட்டர். பெரும்பாலும் பாசிதான்.

அந்தப் பாசியையும் லேசாக நினைக்காதீர்கள். சிக்னி தீவின் பாசி மேட்டில் குழாய் இறக்கி, அடியில் உறைந்து கிடந்த பகுதியை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், ஒரு பெட்டிக்குள் மிதமான சூட்டிலும் வெளிச்சத்திலும் வைத்தார்கள். சில வாரங்களில் பச்சையாக முளை விட்டது. 2014-ல் செய்தி வெளியானது. அது உறைந்துபோய் 1,500 வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. மகேந்திர பல்லவன் பிறப்பதற்கும் முந்தைய பாசி.